அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் உதவிப் பயிற்சியாளர்: முதல் வேலை முதல் தலைமைப் பதவி வரை

கல்லூரி பேஸ்பால் அணியின் உதவிப் பயிற்சியாளர் பணிக்கு விளம்பரம் வெளியாகும் நேரத்தில், பல இடங்களில் ஆள் ஏறக்குறைய முடிவாகியிருப்பார். விளம்பரம் செய்ய வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அதனால் அது வருகிறது. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் அதற்கு முன்பே தாம் நம்பும் நாலைந்து பேரைத் தொலைபேசியில் அழைத்து, "உழைக்கிற ஆள் யாராவது உண்டா?" என்று விசாரித்திருப்பார். அந்த நாலைந்து பேரில் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எந்தக் கல்லூரியில் இருந்தீர்கள் என்பதைவிட யாரிடம் வேலை கற்றீர்கள் என்பதே எடுபடும். இந்த வழிகாட்டியை முழுக்க அந்தக் கோணத்திலிருந்தே எழுதியிருக்கிறேன்.

களத்தின் அமைப்பு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதில் மூன்று டிவிஷன்கள். டிவிஷன் 1-ல் மட்டும் ஏறத்தாழ 300 கல்லூரிகளுக்கு பேஸ்பால் அணி இருக்கிறது. டிவிஷன் 2-ல் உதவித்தொகை குறைவு. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. இவற்றுக்கு வெளியே, சிறிய கல்லூரிகளைக் கொண்ட என்ஏஐஏ, ஈராண்டு ஜூனியர் கல்லூரிகளுக்கான என்ஜேசிஏஏ, கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகளுக்கான தனி அமைப்பு ஆகியவை உள்ளன.

தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது ஒமாஹா. ஒவ்வோர் ஆண்டும் 64 அணிகள் போட்டித் தொடருக்குள் நுழைந்து, கடைசி எட்டு அணிகள் ஜூன் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த நகரத்துக்குப் போகின்றன. 1950 முதல், தேசியப் பட்டத்துக்கான கல்லூரி உலகத் தொடர் நடப்பது அங்கேதான். உங்கள் முதல் வேலை இருக்கப்போவதோ தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஊரில். ஜூனியர் கல்லூரிகளைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பின்னாளில் மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறைப் போட்டியில் புகழ்பெற்ற பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) ரோஜர் கிளெமன்ஸும் ஆண்டி பெட்டிட்டும் டெக்சாஸின் சான் ஜெசின்டோ கல்லூரியில் விளையாடியவர்கள்தான்.

2023-ல் நடந்த ஒரு மாற்றத்தை அறியாமல் இந்தத் தொழிலின் கணக்கு புரியாது. அதுவரை டிவிஷன் 1 அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் பெறும் இரண்டு உதவியாளர்கள், சம்பளமே இல்லாத ஒரு தன்னார்வப் பயிற்சியாளர் என நான்கு பேர். நான்காமவரும் மற்றவர்களைப் போலவே முழுநேரமும் உழைத்தார். சிறுவர் பயிற்சி முகாம்களில் கிடைத்ததை வைத்து வாடகை கட்டினார். வெளியூர் சென்று வீரர் தேடும் உரிமையும் அவருக்கு இல்லை. 2023 ஜூலை 1 முதல் அந்தத் தன்னார்வப் பதவி நீக்கப்பட்டு, மூன்று உதவியாளர்களுக்கும் சம்பளம் தரலாம் என்று விதி மாறியது. பல ஆண்டு உழைப்பை இலவசமாக வாங்கியது அநியாயம் என்று முன்னாள் தன்னார்வப் பயிற்சியாளர்கள் வழக்கும் தொடுத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். வீட்டில் பணம் இருந்தவர்களால் மட்டுமே அத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடிந்தது; திறமையுள்ள எத்தனையோ பேர் அந்த வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

1. விளையாடும்போதே கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள்

இதற்குச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. இளநிலைப் பட்டம் கட்டாயம் என்று கொள்ளுங்கள். அது இல்லாமல் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பத்தைத் தொடாது. எங்காவது கல்லூரி அளவில் விளையாடியிருப்பது பெரிய உதவி. நட்சத்திரமாக இருந்திருக்க வேண்டியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கேட்சர்கள் பலர் நல்ல பயிற்சியாளர்கள் ஆகியிருக்கிறார்கள். அடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்தான் ஆட்டம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்ப்பவர். பிட்சரின் மனநிலையும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

இறுதியாண்டில் உங்கள் பயிற்சியாளரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "நான் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறேன்." அன்று முதல் அவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். பயிற்சித் திட்டத்தை ஏன் இப்படி வகுத்தார், செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு ஏன் இந்தப் பிட்சர் என்றெல்லாம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்து வையுங்கள்.

விளையாடாமலே உள்ளே வந்தவர்களும் உண்டு. அணியின் மாணவ மேலாளர், புள்ளிவிவர ஆய்வாளர் என்று நுழைவது இப்போது முன்னைவிட எளிது. பெண்களுக்கும் வாசல் மெல்லத் திறந்து வருகிறது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் விளையாட்டு உளவியலில் ஆய்வுப் படிப்பு படித்த ஜஸ்டின் சீகல் என்ற பெண், 2008 முதல் 2010 வரை அங்கேயே ஆண்கள் பேஸ்பால் அணியின் உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

2. முதல் வேலையை எங்கே தேடுவது

நடைமுறையில் மூன்று வாசல்கள். முதலாவது பட்டமேற்படிப்பு உதவியாளர் பணி. டிவிஷன் 2, டிவிஷன் 3, என்ஏஐஏ கல்லூரிகளில் இது பரவலாக உண்டு. முதுநிலைப் படிப்புக்கான கட்டணத்தை முழுதாகவோ பகுதியாகவோ கல்லூரி ஏற்கும். கைச்செலவுக்குச் சிறு தொகை தரும். பதிலுக்கு நீங்கள் அணியில் வேலை செய்வீர்கள். இரண்டாண்டு முடிவில் கையில் முதுநிலைப் பட்டமும் இரண்டு பருவ அனுபவமும் இருக்கும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி இல்லை. பேஸ்பால் வேலை அந்த எல்லைக்குள் தானாக நிற்காது. சேரும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தோடு பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது ஜூனியர் கல்லூரி. சம்பளம் மிகக் குறைவு. சில இடங்களில் மாணவர் விடுதியில் ஓர் அறையும் உணவகச் சாப்பாடும்தான் ஊதியத்தின் பெரும்பகுதி. ஆனால் ஆள் பற்றாக்குறையால் முதல் ஆண்டிலேயே பிட்சர்கள் முழுவதையும் உங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தப் பொறுப்பு கைக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது கோடைக்கால லீக்குகள். கல்லூரி வீரர்கள் ஜூன், ஜூலையில் விளையாடும் இந்த லீக்குகளில் மாசசூசெட்ஸின் கேப் காட் லீக் மிகவும் பெயர்பெற்றது. 1994-ல் தொடங்கிய நார்த்வுட்ஸ் லீக்கில் ஏறக்குறைய தினமும் ஆட்டம், நீண்ட பஸ் பயணம். ஓர் அணியில் பத்துப் பதினைந்து கல்லூரிகளின் வீரர்கள் இருப்பார்கள். அத்தனை கல்லூரிகளின் பயிற்சியாளர்களும் தங்கள் வீரன் எப்படி விளையாடுகிறான் என்று உங்களைத்தான் கேட்பார்கள். கேட்கும் முன்பே வாரம் ஒருமுறை நாலு வரி எழுதி அனுப்புங்கள். ஒரு கோடையில் பதினைந்து தலைமைப் பயிற்சியாளர்களுக்கு உங்கள் பெயர் பழகிவிடும். இதைவிட மலிவான விளம்பரம் எதுவும் இல்லை.

வாய்ப்பு வந்ததும் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றி விசாரியுங்கள். அவரிடம் இதற்கு முன் உதவியாளராக இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மேலே போயிருக்கிறார்களா, தொழிலை விட்டே போய்விட்டார்களா? லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யு) தலைமைப் பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மனிடம் மைக் பியாங்கோ உதவியாளராக இருந்தார். பியாங்கோ 2000-ல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் டேன் மெக்டானல் உதவியாளராகச் சேர்ந்தார். மெக்டானல் லூயிவில் பல்கலைக்கழக அணிக்குத் தலைமை ஏற்ற முதல் பருவத்திலேயே, 2007-ல், அதை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். பியாங்கோ 2022-ல் தேசியப் பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறை, ஒரே பள்ளி. இப்படிப்பட்ட வரிசையில் ஓர் இடம் கிடைத்தால் சம்பளத்தைப் பெரிதுபடுத்தாமல் சேர்ந்துவிடுங்கள்.

3. கைவேலை

புதிய உதவிப் பயிற்சியாளரை வீரர்கள் எடைபோடுவது அவர் பேச்சைக் கேட்டு அல்ல, ஃபங்கோ அடிக்கும் விதத்தைப் பார்த்து. ஃபங்கோ மட்டை வழக்கமான மட்டையைவிட மெலிந்தது, எடை குறைந்தது. பந்தை நாமே மேலே போட்டு, ஃபீல்டர்களுக்குப் பயிற்சிக்காக அடிப்பதற்கென்றே செய்தது. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் வலப்பக்கம் இரண்டு எட்டு தள்ளி, பின்கையால் மட்டுமே எடுக்கக்கூடிய இடத்துக்குப் பந்து போக வேண்டும். அடுத்தது மூன்றாம் பேஸ்காரர் ஓடிவந்து வெறுங்கையால் அள்ள வேண்டிய மெதுவான உருட்டல். இதே வரிசையை நாற்பது நிமிடம் தவறாமல் அடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின் கடைசி அடி கேட்சருக்கு: அடிப்பவர் நிற்குமிடமான ஹோம் பிளேட்டுக்கு நேர் மேலே வானம் பார்த்த பந்து. அடிகளிலேயே கடினமானது அது. இரண்டு முறை தவறினால் இரண்டு அணி டகவுட்டும் (வீரர்கள் உட்காரும் இடம்) பார்த்துக்கொண்டிருக்கும். காலியான மைதானத்தில் தனியாக ஒரு வாளி பந்தோடு நின்று பழகுங்கள்.

பேட்டிங் பயிற்சிக்கு எல் வடிவ வலைத் தடுப்பின் பின்னால் நின்று ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான பந்துகள் எறியத் தெரிய வேண்டும். தோளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், நீங்களும் வீரர்களோடு சேர்ந்து வார்ம்-அப் செய்யுங்கள்.

சிறிய கல்லூரிகளில் மைதானமும் உங்கள் பொறுப்பு. மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது, மண்ணைச் சமப்படுத்துவது, பிட்சர் மேட்டில் களிமண் திணிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் உங்கள் தலையில். இதை எரிச்சலோடு செய்பவரையும் ஈடுபாட்டோடு செய்பவரையும் தலைமைப் பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே பிரித்துப் பார்த்துவிடுவார். பிற்காலத்தில் யாராவது தொலைபேசியில் உங்களைப் பற்றிக் கேட்கும்போது அவருக்கு நினைவுக்கு வருவதும் இதுதான்.

4. ஒரு துறையைச் சொந்தமாக்குங்கள்

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் எல்லாம் செய்யலாம். அதன் பிறகு "இவர் பிட்சிங் ஆள்", "இவர் ஹிட்டிங் ஆள்", "கேட்சர்களை உருவாக்குபவர்" என்று உங்களுக்கென்று ஓர் அடையாளம் வேண்டும். அதிகத் தேவை பிட்சிங்குக்கே. கல்லூரி ஆட்டத்தில் எந்தப் பந்தை எறிவது என்பதைப் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து பயிற்சியாளரே சொல்கிறார்; இப்போது அதற்கு மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. பிட்சிங் பயிற்சியாளரின் ஒவ்வொரு முடிவும் அன்றைய ஸ்கோரில் தெரியும்.

ராப்சோடோ, டிராக்மேன் கருவிகள் தரும் எண்களைப் படிக்கத் தெரியாமல் இன்று டிவிஷன் 1-ல் நுழைவது கடினம். பந்தின் சுழற்சி எத்தனை, எவ்வளவு விலகுகிறது, கையிலிருந்து எந்த உயரத்தில் புறப்படுகிறது என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். எண்களை வாசிப்பது பாதி வேலைதான். பத்தொன்பது வயதுப் பையனிடம் சுழற்சி அச்சைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினால் அவன் அடுத்த பந்தை ஹோம் பிளேட்டுக்கு வெளியே எறிவான். அதையே "விரலைப் பந்தின் உச்சியில் வைத்து இழு" என்று ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுப்பார்கள்.

5. வீரர் சேர்ப்பு: உங்கள் மதிப்பு இங்கேதான்

நல்ல வீரர்களைக் கொண்டுவரத் தெரிந்த உதவிப் பயிற்சியாளர் வேலையில்லாமல் இருப்பதில்லை. டோனி விட்டெல்லோவைப் பாருங்கள். மிசூரி, டெக்சாஸ் கிறிஸ்டியன் (டிசியு), ஆர்கன்சாஸ் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் உதவியாளராக இருந்து, வீரர்களைச் சேர்ப்பதில் பெயரெடுத்தவர். 2017-ல் டென்னசி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 2024-ல் தேசியப் பட்டம். 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை நேரே மேஜர் லீக் மேலாளராக (அங்கே தலைமைப் பயிற்சியாளரின் பெயர் அது) எடுத்துக்கொண்டது. தொழில்முறை பேஸ்பாலில் எந்த அனுபவமும் இல்லாமல் கல்லூரியிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள் அவர்.

டிவிஷன் 1-ல் வளாகத்துக்கு வெளியே போய் வீரர்களைப் பார்ப்பதற்கு முன், ஆண்டுதோறும் என்சிஏஏ விதித் தேர்வில் தேற வேண்டும். பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை ஒரு மாணவனோடு நேரடித் தொடர்பு கூடாது. எந்த வாரங்களில் வெளியே போகலாம், எவற்றில் கூடாது என்று நாட்காட்டியே உண்டு. அதை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரே ஒரு விதிமீறல் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டால் பல ஆண்டுகள் அழியாது.

பிறகு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வேகமானியும் ஸ்டாப்வாட்சுமாக உட்காருவீர்கள். கேட்சர் பந்தை வாங்கி இரண்டாம் பேஸுக்கு அனுப்ப 2.0 விநாடி என்றால் கவனியுங்கள். வலக்கை ஆட்டக்காரர் அடித்துவிட்டு முதல் பேஸைத் தொட 4.3 விநாடி என்பது மேஜர் லீக் சராசரியை ஒட்டியது. ஓட்டக்காரர் பேஸில் இருக்கும்போது பிட்சர் அசையத் தொடங்கி பந்து கேட்சரை அடைய 1.3 விநாடிக்குள் ஆனால் நல்லது. இந்த எண்களை உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருபது பயிற்சியாளர்களும் குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் குறிக்காததை நீங்கள் குறிக்க வேண்டும். மூன்று முறை அவுட் ஆன பிறகு அந்தப் பையன் ஃபீல்டிங்குக்கு ஓடுகிறானா, நடக்கிறானா? நண்பன் பந்தைத் தவறவிட்டால் இவன் முகம் எப்படிப் போகிறது? ஆட்டம் முடிந்ததும் அம்மாவிடம் எந்தக் குரலில் பேசுகிறான்? மேட்டில் சொதப்பிய நாளிலும் ஒருவனைப் பார்க்கப் போங்கள். நல்ல நாளில் எல்லோரும் அழகாகத்தான் தெரிவார்கள்.

கணக்குப் போடும் திறமையும் தேவை. முன்பு டிவிஷன் 1 அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைகள்தான். அதைத் துண்டு துண்டாக வெட்டி வீரர்களுக்குப் பிரித்தார்கள். வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய்விட்டது. பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்தது. பணமுள்ள கல்லூரியும் இல்லாத கல்லூரியும் இதனால் இன்னும் விலகிப் போகின்றன. 34 இடம் என்பதால் பள்ளி மாணவனுக்குப் பதில் வேறு கல்லூரியில் இரண்டாண்டு ஆடிய வீரனை, கல்லூரி மாற விரும்புபவர்களின் பதிவேடான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து எடுக்கும் ஆசையும் வலுக்கிறது.

இதோடு, தொழில்முறை அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஜூலை மாத மேஜர் லீக் டிராஃப்ட். நீங்கள் இரண்டாண்டு பின்தொடர்ந்து சம்மதிக்க வைத்த பள்ளி மாணவனை ஒரு தொழில்முறை அணி பணம் கொடுத்து அழைத்துப் போய்விடலாம். இப்போது 20 சுற்றுகள்தான், முன்பு 40. குமார் ராக்கரை நினைத்துப் பாருங்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளி. 2018-ல் கொலராடோ ராக்கீஸ் அவரை 38-வது சுற்றில் தேர்ந்தெடுத்தும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கே வந்தார். மறு ஆண்டு டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்டிரைக் அவுட்டுகளோடு (மூன்று ஸ்டிரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது) நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம், எறிந்தார். அந்த ஆண்டு பட்டமும் வாண்டர்பில்ட்டுக்கே. அப்படி ஒருவர் வருவாரா மாட்டாரா என்பதை முன்கூட்டியே கணிக்க, குடும்பத்தோடு பேசிப் பேசித்தான் கற்க வேண்டும். வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதை முதல் சந்திப்பிலேயே கண்டுகொள்ளுங்கள். பல வீடுகளில் அது பாட்டி.

செய்ய முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். "முதல் ஆண்டே நீ ஷார்ட்ஸ்டாப்" என்று மூன்று பேரிடம் சொன்னால், அந்த மூன்று பெற்றோரும் ஒரே கேலரியில் உட்காரும் நாள் வரும்.

6. ஆட்களைச் சம்பாதிப்பது

அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் சங்கமான ஏபிசிஏ 1945-ல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் அது நடத்தும் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கான பயிற்சியாளர்கள் வருகிறார்கள். மேடைப் பேச்சுகள் பயனுள்ளவை. ஆனால் வேலைகள் பேசப்படுவது ஓட்டல் வரவேற்பறையில். யாரிடமும் கையில் திணிக்க விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். பேச்சாளரிடம் அவர் சொன்ன பயிற்சியைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். ஊருக்குத் திரும்பி அதைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். அப்படி எழுதுபவர்கள் மிகச் சிலர். அதனாலேயே நினைவில் நிற்பார்கள்.

7. பணமும் ஒப்பந்தமும்

தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பின் பெரிய பல்கலைக்கழகங்களில் முன்னணி உதவிப் பயிற்சியாளர்களின் ஆண்டுச் சம்பளம் மூன்று லட்சம் டாலரைத் தாண்டுகிறது. கீழே வர வர அது சட்டென்று சரியும். பல இடங்களில் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கும் எட்டாது. அரசுப் பல்கலைக்கழகச் சம்பளங்கள் பொதுப் பதிவேட்டில் கிடைக்கும். பேரம் பேசும் முன் பாருங்கள். பயிற்சி முகாம் வருமானத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, மருத்துவக் காப்பீடு எந்த நாளிலிருந்து, சாலைப் பயணத்துக்குக் கார் யாருடையது ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுதான். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். பிப்ரவரி நடுவில் தொடங்கி 56 ஆட்டங்கள், வார இறுதியில் மூன்று, நடுவாரத்தில் ஒன்றோ இரண்டோ. கோடை முழுவதும் வீரர் தேடல். திருமணமானவர்கள் இந்த நாட்காட்டியைத் துணையோடு உட்கார்ந்து மாதம் மாதமாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாமல் இந்தத் தொழிலில் வீடு வாங்காதீர்கள்.

8. எப்போது நகர்வது

மேலே போவது என்றால் பெரிய பதவிக்குப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். டிம் கார்பின் சிறிய பிரெஸ்பிடீரியன் கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்; அதை விட்டுவிட்டு 1994-ல் கிளெம்சனில் உதவியாளராகச் சேர்ந்தார். ஒன்பது பருவம் அங்கே இருந்தார். பிறகு வாண்டர்பில்ட், 2014-லும் 2019-லும் தேசியப் பட்டம். ஸ்கிப் பெர்ட்மன் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளராக இருந்து, மயாமி பல்கலைக்கழகத்தில் ரான் ஃப்ரேசரிடம் உதவியாளராக வேலை கற்று, அதன் பிறகே எல்எஸ்யுவுக்கு ஐந்து பட்டங்கள் வாங்கித் தந்தார்.

தலைமைப் பதவி எல்லோருக்கும் பொருந்தாது. நன்கொடையாளர் விருந்து, நிர்வாகக் கூட்டம், பத்திரிகையாளர் சந்திப்பு என்று அதன் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியே கழியும். பிட்சர் மேட்டருகே நிற்பதுதான் உங்கள் மகிழ்ச்சி என்றால் வாழ்நாள் உதவியாளராக இருப்பதில் குறைவு எதுவும் இல்லை. வெஸ் ஜான்சன் ஆர்கன்சாஸில் பள்ளிப் பயிற்சியாளராகத் தொடங்கி, கல்லூரிகள் வழியாக மினசோட்டா ட்வின்ஸ் அணியின் பிட்சிங் பயிற்சியாளர் ஆனவர். 2022 ஜூனில், ட்வின்ஸ் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே, அந்த மேஜர் லீக் வேலையை விட்டு எல்எஸ்யுவுக்கு உதவியாளராக வந்தார். மறு ஆண்டு அவரிடம் எறிந்த பால் ஸ்கீன்ஸ் 209 ஸ்டிரைக் அவுட்டுகள் எடுத்தார். அணி பட்டம் வென்றது. பிறகு தலைமைப் பதவியே அவரைத் தேடி வந்தது: ஜார்ஜியா பல்கலைக்கழகம் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது.

அப்படி உங்களுக்கும் நேர்காணல் அழைப்பு வந்தால், விளையாட்டுத் துறை இயக்குநர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று: "உதவியாளர்களாக யாரை அழைத்து வருவீர்கள்?" அதற்கு அந்த வாரம் யோசிக்கத் தொடங்கினால் தாமதம். சிறிய கல்லூரிகளில் நல்ல வேலை செய்துகொண்டிருக்கும் பிட்சிங் ஆள் இருவர், வீரர் சேர்ப்பு ஆள் இருவர் என்று ஒரு பட்டியலை இப்போதே வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். அவர்களில் ஒருவருக்கு வேறு இடத்தில் வாய்ப்பு வந்து, அங்குள்ளவர் உங்களைத் தொலைபேசியில் விசாரித்தால், அவர் போய்விட்டால் நமக்குக் கிடைக்கமாட்டாரே என்று கணக்குப் பார்க்காமல் தாராளமாகப் பரிந்துரை செய்யுங்கள்.